மூடாத தண்ணீர்

எங்கள் செர்ரபியாங்கா ஊர் மலைமேல் ஏறியது பயத்தினால். கீழே இறங்கியது அதைவிடப் பெரிய பயத்தினால். நடுவில் ஓர் அறுநூறு வருஷம் மேலேயே உட்கார்ந்திருந்தோம். அந்தக் காலத்தில் ஆற்றோரம் முழுக்கக் கொசுக்காய்ச்சல். அதற்கப்பால் கடல், கடலில் கொள்ளைக்காரர்கள். இரண்டுக்கும் பயந்து ஓடிவந்த எங்கள் முன்னோர் மலையுச்சியில் கோபுரம் கட்டி உட்கார்ந்திருந்த பிரபுவிடம் மாட்டிக்கொண்டார்கள். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதைதான். பிரபுவும் சும்மா இல்லை. மலையைப் போர்த்தியிருந்த காட்டையெல்லாம் வெட்டி விற்றார். அடியில் இருந்த வெள்ளைக் களிமண் தோலுரித்த ஆடு மாதிரி வெளியே வந்தது. ஏறினவர்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. தண்ணீர் கீழேயே இருந்துவிட்டது.

மலையடியில் ஒரே ஓர் ஊற்று. அதன்மேல் ஒரு கல்மாடம், மாடத்துக்குள் ஊற்று மாதா. பெண்கள் தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் மரப்பீப்பாயை ஏற்றி, பாதாம் தோப்பைத் தாண்டி, களிமண் சரிவில் கால் விரலை ஊன்றி ஊன்றி ஏறி வருவார்கள். ஒரு நடை போய்வந்தால் பாதி நாள் போயிருக்கும். அந்த ஊற்றுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓடுகிற தண்ணீரை யாரும் அடைக்கக் கூடாது. ஆடு மேய்க்கிறவன்கூட ஊற்றின் வாயில் ஒரு கல்லை வைக்க மாட்டான். மாதா ஊட்டுகிற பாலை மூடினால் மூடினவன் குடும்பம் வற்றிப்போகும் என்பது எங்கள் நம்பிக்கை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒரே ஒரு கோடையில் அந்தப் பீப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

என் பெயர் எஜீதியோ. நகராட்சியின் தண்டோராக்காரன். பித்தளைக் கொம்பை ஊதி, முனைக்கு முனை நின்று, வரி கட்டச் சொல்வதும் நாயைக் கட்டச் சொல்வதும் என் வேலை. ஊரில் நல்ல செய்தி எதுவும் என் வாயால் வந்ததில்லை என்று என் பெண்டாட்டியே சொல்வாள். நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல, எர்ஸிலியாவின் கதையை. ஆனால் அவள் வாழ்க்கையில் நடந்த ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று கொம்பு ஊதினவன் நான்.

எர்ஸிலியா விவரம் தெரிந்த நாளிலிருந்து தண்ணீர் சுமந்தவள். அவளுக்குப் பெனெதெத்தா என்று ஓர் அக்கா. வயிற்றில் பிள்ளையோடு ஒரு மழைக்குப் பின் சரிவில் ஏறும்போது பெனெதெத்தா வழுக்கி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே போய்விட்டாள். ஆனால் பீப்பாய் உடையவில்லை. சின்னவள் எர்ஸிலியா அழுதுகொண்டே அதைத் தன் தலையில் தூக்கி வைத்து வீடு வந்து சேர்ந்தாள். அக்காவின் உடம்பைக் கழுவ அந்தத் தண்ணீர்தான் இருந்தது. அன்றிலிருந்து தண்ணீர் விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

அவள் கட்டிக்கொண்டது கானியோவை. என் கூட்டாளி. கல்யாணமான கையோடு பெல்ஜியத்துக் கரிச்சுரங்கத்துக்குப் போனவன், பத்து வருஷம் கழித்து இரண்டு சாமான்களோடு திரும்பினான். ஒன்று, இரண்டு அறையும் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு ஜன்னலும் வைத்து வீடு கட்டுகிற அளவுக்குப் பணம். இன்னொன்று, நுரையீரல் நிறையக் கரித்தூள். வீட்டை ஊரின் கிழக்கு விளிம்பில் கட்டினான். ஜன்னலை மட்டும் எல்லா வீட்டையும்விட அகலமாக வைத்தான்.

"எதுக்குடா இவ்ளோ பெரிய ஜன்னல்? மாடு உள்ள வரவா?" என்று கேட்டேன்.

"பூமிக்கு அடியில பத்து வருஷம் கெடந்தவன்டா நான். தலைக்கு மேல எப்பப் பாறை விழும்னு தெரியாம கெடந்தேன். அங்க செத்திருந்தா என் மேல அடுத்தவன் ஊரு விழுந்திருக்கும். இனிமே செத்தா என் வீட்டுல, என் கட்டில்ல, இந்த ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டுச் சாவேன். அதுக்குத்தான்."

எர்ஸிலியாவிடம் இதையே சத்தியமாக வாங்கிக்கொண்டான். அவளும் கொடுத்தாள். எங்கள் ஊரில் பெண்கள் நகையைக்கூட இரவல் கொடுப்பார்கள், சத்தியத்தைச் சும்மா கொடுக்க மாட்டார்கள்.

அவன் சுரங்கத்தில் இருந்த காலத்தில்தான் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. வடக்கு மலையிலிருந்து குழாய் போட்டு, சதுக்கத்தில் மூன்று வாய் வைத்த ஒரு கல் குழாயடி கட்டினார்கள். வாத்தியம் வாசித்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்த பெரிய மனுஷர் ஒரு மணி நேரம் பேசினார், அதில் ஒரு வார்த்தைகூடத் தண்ணீரைப் பற்றி இல்லை. அவருடைய கார் இறக்கத்தில் மறைந்ததும் எர்ஸிலியா குழாயடிக்குப் போய் மூன்று வாயிலும் பளபளத்த பித்தளைத் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னய்யா இது? தண்ணிக்குப் பூட்டா?"

குழாய் வேலைக்காரன் சிரித்தான். "பூட்டு இல்லக்கா. வேணும்போது தொறந்துக்கலாம், வேணாம்னா மூடிக்கலாம்."

"தண்ணி வேணாம்னு இந்த ஊர்ல எவன்டா சொன்னான், இன்னிக்கு வரைக்கும்?"

கொல்லனிடம் குறடு வாங்கி மூன்று திருகையும் கழற்றினாள். ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் எறிந்தாள். தண்ணீர் மூன்று வாயிலும் பீறிட்டது. நனைந்த பாவாடையோடு குழாயடித் திண்டின்மேல் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இந்தத் தண்ணியை எவன் அடைக்கிறானோ, அவன் வீட்டுப் பொணத்தைக் கழுவ ஒரு சொட்டுத் தண்ணி கெடைக்காது! செத்துப்போன எங்க அக்கா மேல சத்தியம்!"

ஊரே கைதட்டியது. நானும் கொம்பை எடுத்து ஊதினேன். பெண்கள் அன்று அழுத அழுகை சந்தோஷமா துக்கமா என்று அவர்களுக்கே தெரியாது. அதன்பிறகு இரவு பகல், மழை வெயில், கோடை குளிர், அந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை. தொட்டி நிரம்பி வழிந்தது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. சந்துக்குள் போயிற்று, கல் இடுக்கில் மறைந்தது, தெருவில் சேறு இல்லை. அது போதும் என்று இருந்துவிட்டோம்.

மலை அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

பத்து வருஷத்தில் சுவர்கள் வெடிக்க ஆரம்பித்தன. முதலில் மேற்கே, பிறகு எல்லாப் பக்கமும். ஸானெல்லா என்று ஓர் இளம் இன்ஜினியரை அனுப்பினார்கள். வடக்கத்திக்காரர், நல்ல மனுஷர், எங்கள் மிளகாயைத் தின்றுவிட்டுக் கண்ணீர் விடுவார். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்து இரண்டு முனையையும் சுண்ணக்காரையால் ஒட்டிவிடுவார். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். உடைந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். காரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவது என் வேலையாயிற்று.

எங்கள் ஜனங்களா விடுகிறவர்கள்? கண்ணாடி உடைந்தால் இன்ஜினியர் வருமுன்னே வேறு கண்ணாடி ஒட்டிவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடி, படத்துக் கண்ணாடி, கடைசியில் மருந்துப் புட்டியை உடைத்துக்கூட ஒட்டினார்கள். நாங்கள் ஒரு கிழவர் வீட்டுக்குப் போனபோது இன்ஜினியர் குனிந்து பார்த்தார்.

"பெரியவரே, இந்தக் கண்ணாடி வளைஞ்சிருக்கே? பச்சையா வேற இருக்கு."

"சுவரே வளைஞ்சு நிக்குது ஐயா, கண்ணாடி மட்டும் நேரா இருக்கணுமா? பச்சை எதுக்குன்னா, கண்ணுக்குக் குளிர்ச்சி."

இன்ஜினியர் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் வெளியே வந்தார். அந்த வீடு மறுமாதம் விழுந்தது. கிழவர் தோட்டத்தில் இருந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு மருந்துப் புட்டிகளுக்கு யாரும் துணியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கானியோ படுக்கையில் விழுந்தான். பாதாம் பூப்பதை அவன் பார்க்க மாட்டான் என்று வைத்தியர் எர்ஸிலியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். சாவைப் பற்றி அல்ல, அது வரும் என்று தெரிந்துவிட்டது. அது வரும்வரை வீடு நிற்க வேண்டும். அவன் தலைமாட்டுச் சுவரில் ஜன்னலிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு வந்திருந்தது.

நாங்கள் கண்ணாடி ஒட்டப் போனோம். கானியோ தலையணையில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்ஜினியர் ஐயா, ஒரு பந்தயம். உங்க கண்ணாடி முதல்ல உடையுமா, நான் முதல்ல உடைவேனா?"

இன்ஜினியர் குனிந்து காரையைக் குழைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன், "நான் கண்ணாடி மேல கட்டுறேன்டா."

"பாத்தீங்களா? என் மேல அவனுக்கு அவ்ளோ நம்பிக்கை," என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் பிடித்தது.

படியிறங்கும்போது எர்ஸிலியா இன்ஜினியரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஐயா, மறைக்காம சொல்லுங்க. வசந்தம் வரைக்கும் நிக்குமா?"

அவர் சதுக்கத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அம்மா, அந்தக் குழாயடித் தண்ணி முழுக்க மலைக்குள்ளதான் எறங்குது. அதை மூடச் சொல்லி நான் எழுதிப் பாத்தாச்சு, ஆளு வெச்சும் பாத்தாச்சு. திருகு வெச்ச அன்னிக்கே காணாமப் போயிடுது. அதை மூடினா தாங்கலாம்."

"தாங்குமா, தாங்கலாமா?"

அவர் என் கையில் இருந்த காரைச் சட்டியைப் பார்த்தார். "தாங்கலாம்," என்றார்.

எர்ஸிலியா அவர் கையை விட்டாள். அன்று அவள் முகத்தைப் பார்த்தவன் நான். தான் கட்டின வேலியில் தானே மாட்டிக்கொண்டவள் முகம் அது.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு காலத்தில் திருகைக் கழற்ற ஊரைக் கூட்டினவள், இப்போது திருகை மாட்டக் கெஞ்சினாள். "பாதாம் பூக்குற வரைக்கும் மட்டும். அப்புறம் தொறந்துக்கலாம்." யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. உட்கார வைத்தார்கள், காய்ந்த அத்திப்பழம் கொடுத்தார்கள், கானியோவுக்காக வேண்டிக்கொள்கிறோம் என்றார்கள். தண்ணீர் என்றதும் மட்டும் அடுப்பைக் கிளறப் போய்விட்டார்கள்.

கடைசியாக நுன்சியாத்தா வீட்டுக்குப் போனாள். இருவரும் ஒன்றாகத் தண்ணீர் சுமந்தவர்கள். சுமந்து சுமந்து நுன்சியாத்தாவின் முதுகு அப்படியே வளைந்துவிட்டது, நிமிர்ந்து வானத்தைப் பார்க்க முடியாது. எர்ஸிலியா தனியாகப் போகக் கூசி என்னையும் துணைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

"நீயே இப்படிக் கேக்கலாமாடி?" என்றாள் நுன்சியாத்தா. "உங்க அக்கா மேல சத்தியம் பண்ணினியே, அது எங்க போச்சு? என் வீட்டுல நாளைக்கு ஒரு சாவு விழுந்தா கழுவத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன் நுன்சியாத்தா. கோவத்துல சொன்னேன்."

"கோவத்துல சொன்னாலும் மாதா காதுல விழுந்துருச்சே."

"என் புருஷன் அவன் வீட்டுல சாகணும்டி. வேற ஒண்ணும் நான் கேக்கல."

நுன்சியாத்தாவின் கண்ணில் நீர் வந்தது. குனிந்த முதுகோடு எர்ஸிலியாவின் கன்னத்தைத் தடவினாள். "உனக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன். ராவெல்லாம் வந்து அவனுக்குக் கால் அமுக்கச் சொல்லு, வர்றேன். இதை மட்டும் கேக்காத. இந்த முதுகைப் பாரு. தண்ணி நின்னுபோச்சுன்னு ஒரு காலைல எந்திரிச்சா எனக்கு மூச்சு நின்னுடும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சண்டையில் நடுவில் நிற்கிறவன் கொம்பு ஊதி என்ன பயன்?

எர்ஸிலியா என்னிடம் வந்து ஒயின் பீப்பாய்க்கு அடிக்கிற மரத்தக்கைகள் இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. மூன்று எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தக்கைகளுக்குத் துணி சுற்றி மூன்று வாயிலும் அடித்து இறுக்கினாள். கோயிலிலிருந்து வெளியே வந்த ஜனங்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். சதுக்கத்தில் என்னவோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. பத்து வருஷமாகக் காதில் விழுந்த சத்தம் நின்றுபோனால் அப்படித்தான் இருக்கும். சிறு பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது.

மறுநாள் தக்கைகள் எர்ஸிலியாவின் வாசற்படியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. துணிகூடத் துவைத்துக் காயவைத்து மடித்திருந்தது. தண்ணீர் பழையபடி ஓடியது. யார் எடுத்தார்கள் என்று கேட்டால் ஊர் முழுக்க என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. மழை நின்ற காலை நானும் இன்ஜினியரும் போனபோது எர்ஸிலியா சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தாள். கண்ணாடி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா."

அவள் அசையவில்லை.

"அக்கா," என்றேன் நான்.

"போய்ட்டு நாளைக்கு வாங்க எஜீதியோ. அவருக்கு இன்னிக்கு மூச்சு முட்டுது. நாளைக்கு வாங்க."

கட்டிலிலிருந்து கானியோதான் பேசினான். "தள்ளு எர்ஸிலியா. அது உடைஞ்ச சத்தம் எனக்கு ராத்திரியே கேட்டுடுச்சு." என்னைப் பார்த்தான். "பந்தயத்துல நீ ஜெயிச்சுட்டடா."

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது, நகம் நுழைகிற இடைவெளி. இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் உத்தரவு போட்டாக வேண்டும். போடாமல் வீடு விழுந்தால் இரண்டு உயிர். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் போட்டிருப்பேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மத்தியானம் நானே கொம்பை ஊதி, என் வீடு உட்படக் கிழக்கு விளிம்பில் இருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னேன். கானியோவை நாற்காலியில் வைத்துக் கட்டி நாலு பேர் தூக்கினோம். சதுக்கத்தைத் தாண்டும்போது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். அவனுக்குத் தாகம். குழாயடியில் நின்றிருந்த நுன்சியாத்தா ஓடிவந்து இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தாள். குடித்தான்.

"நல்ல தண்ணி," என்றான். எர்ஸிலியாவைத் திரும்பிப் பார்த்தான். "இதையா எனக்காக மூடச் சொல்லி அலைஞ்ச? ஜன்னல் பெருசா வெச்சா இதுதான், ஊர் வம்பெல்லாம் காதுல விழுது." அவள் தலைத்துணியின் முனையால் அவன் வாயைத் துடைத்தாள்.

கீழே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் எங்களை வைத்தார்கள். ஓர் அறைக்கு நாலு குடும்பம், நடுவில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தடுப்பு. கானியோவின் கட்டில் கரும்பலகைக்குக் கீழே. அதில் யாரோ எழுதின பெருக்கல் கணக்கு அழியாமல் இருந்தது. ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்ததால் படுத்தவனுக்கு வானம் மட்டும்தான் தெரியும். பெஞ்சின்மேல் ஏறி நின்றால் மலையும் ஊரும் அவன் வீட்டு ஜன்னலும் தெரியும். எர்ஸிலியா காலையும் மாலையும் ஏறிப் பார்த்து அவனுக்குச் சொல்வாள்.

"இருக்கா?"

"இருக்கு."

"ஜன்னலைச் சாத்தினியா?"

"மறந்துட்டேன்."

"நல்லது. காத்து வரட்டும்."

"இங்க சாகப் பயமா இருக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டதை, கம்பளிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்டேன்.

"பயம் இல்ல. வெட்கமா இருக்கு," என்றான் அவன். "வீடு நிக்குது, நான் இங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிப் பலகைக்குக் கீழ கெடக்குறேன். வீடு விழுந்திருந்தாலாவது மனசு ஆறும்."

அந்த வாரம் ஒரு காலையில் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தோம். ஆனால் அது நிற்கவில்லை, தரை வழியாகக் காலுக்குள் வந்தது. வெளியே ஓடினோம். மலை தெரியவில்லை. உச்சியிலிருந்து அடிவரை வெள்ளைத் தூசி. உள்ளிருந்து சுவர் விழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் மண்டியிட்டுவிட்டார்கள். நல்லவேளை, முந்தின நாள்தான் மீதி ஊரையும் இறக்கியிருந்தார்கள்.

நான் உள்ளே வந்தபோது கானியோ எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான். எர்ஸிலியா பெஞ்சின்மேல் நின்றிருந்தாள்.

"நம்ம வீடா?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளைத் தூசி மட்டும். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "நம்ம வீடுதான். போயிடுச்சு."

கானியோ தலையணையில் சாய்ந்தான். அவன் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். நாள்பட்ட வலி விட்டுப் போனவன் முகம் போல இருந்தது. "அப்போ கீழ வந்தது சரிதான்," என்றான். "நீ சரியாத்தான் செஞ்சிருக்க எர்ஸிலியா." கொஞ்சம் கழித்து, "ஜன்னலும் போச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். மத்தியானத்துக்குள் அவன் போய்விட்டான்.

உடம்பைக் கழுவ வாளியை எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக் குழாய்க்குப் போனாள். திருகினாள். குழாய் இரண்டு முறை இருமியது, காற்று வந்தது, நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர் அதே குழாயில்தான் வந்துகொண்டிருந்தது. சரிவோடு சரிவாக அது மேலேயே அறுந்துவிட்டது. ஊற்றுக்குப் போகும் பாதையை மண் மூடியிருந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளெல்லாம் கலங்கிச் சேறாகிவிட்டன. எர்ஸிலியா வாளியைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தபடியே நின்றாள்.

"நான் சொன்னதுதான்," என்றாள். "என் வாயால சொன்னதுதான். தக்கை அடிச்சது நான்தானே."

"உளறாத அக்கா. குழாய் உடைஞ்சுபோச்சு, அவ்ளோதான்."

"நான்தானே அடிச்சேன் எஜீதியோ?"

பங்குச் சாமியார் அதெல்லாம் மூடநம்பிக்கை என்றார். அவர் சொன்னதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேலிருந்து இறக்கிக்கொண்டு வந்த என் ஒயின் குடுவையைத் தூக்கிவந்து வாளியில் ஊற்றினேன். நுன்சியாத்தா குனிந்தபடியே வந்து துணியை நனைத்துக் கொடுத்தாள். இரண்டு பெண்களும் அவனை ஒயினால் கழுவினார்கள். சுரங்கத்திலிருந்து வந்த நாள்முதல் இருமலுக்குப் பயந்து ஒரு மிடறுகூடக் குடிக்காதவன், கள்ளுக்கடை வாசனையோடு மோட்சத்துக்குப் போனான். அவன் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நான் வெளியே போய் அழுதேன்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலைத் தாண்டினோம். ராத்திரி காற்றடித்துத் தூசி அடங்கியிருந்தது. வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. முன்னால் போனவர்கள் நின்றார்கள், நாங்களும் நின்றோம். எல்லாரும் மேலே பார்த்தோம்.

மேற்குப் பக்கம் முழுக்கப் போயிருந்தது. சதுக்கம் இல்லை, குழாயடி இல்லை, நுன்சியாத்தாவின் வீடு இல்லை, பாதிக் கோயில் இல்லை. கண்ணாடியே உடையாத வீடுகளெல்லாம் போயிருந்தன. கிழக்கு விளிம்பில் கானியோவின் வீடு மட்டும் நின்றிருந்தது. ஓடு ஒன்றுகூடக் கலையவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

பெட்டி என் தோளில் கனத்தது. எர்ஸிலியாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அவள் "நடங்க," என்று மட்டும் சொன்னாள்.

அதெல்லாம் முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்குச் சமவெளியில் புதுக்குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று குழாய், மூன்றுக்கும் திருகு. எர்ஸிலியா தன் வீட்டுச் சமையலறைக் குழாயை முழுக்க மூடியதும் இல்லை, திறந்துவிட்டதும் இல்லை. அது சொட்டிக்கொண்டே இருக்கும். மலை சரிந்ததற்குக் காரணம் தண்ணீர் என்கிறார்கள், காட்டை வெட்டின பிரபு என்கிறார்கள், அடியில் ரோடு தோண்டினது என்றும் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒன்று எழுதினார்கள். எனக்கு எதுவும் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வீடுகள் வரிசையாக மலையைப் பார்த்திருக்கின்றன, முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மழை, ஒரு பெரிய பூகம்பம்கூட வந்தது. மேலே மிச்சம் நின்ற கோபுரத்தில் பாதி விழுந்தது. அந்த வீடு விழவில்லை. வெயில் ஏறும்போது முதல் வெளிச்சம் அந்த ஜன்னலில்தான் படும்.

எனக்கு அடுத்த வீடு எர்ஸிலியாவுடையது. நான் காலையில் காபிக் கோப்பையோடு மேல்மாடத்தில் வந்து நிற்கும்போது அவளும் அடுத்த மாடத்தில் வந்து நிற்பாள். முதல் வருஷங்களில் அவள் அந்த வீட்டைப் பார்த்து ஒன்றும் பேசினதில்லை. இப்போது வயதாகிவிட்டது, பக்கத்தில் ஆள் இருப்பது அவளுக்குக் கணக்கில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்து, அக்கம்பக்கத்துக்காரியைத் திட்டுகிற குரலில் தினமும் அதையேதான் சொல்கிறாள்.

"விழேன்டி. இன்னும் யாருக்காக நிக்கிற? விழுந்துதான் தொலையேன்."